ஹங்கேரி கிராமப் பக்கம்: எது நிஜம், எது செட்?

2024 ஜனவரி 28
(ஒரு வாசகர் கேட்டது) மே மாதம் ஹங்கேரி போகிறோம். புடாபெஸ்ட் பார்த்த பிறகும் ஒரு வாரம் மிச்சம் இருக்கிறது. கிராமப் பக்கம் சுற்றலாம் என்று ஆசை. ஆனால் போய்வந்த நண்பர் ஒருவர், "அங்கே பழசு எதுவும் கிடையாது. போரில் அழிந்தது போக மிச்சமெல்லாம் டூரிஸ்டுக்காகப் போட்ட செட்" என்கிறார். உண்மையா? யாராவது அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

2024 ஜனவரி 28, இரவு
நான் கிழக்கு ஹங்கேரியில் டெப்ரெட்சென் நகரத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வந்தால் வீட்டில் கால் தரிக்காது.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 1241-42இல் மங்கோலியர் வந்து கொளுத்தினார்கள். 1526க்குப் பிறகு உதுமானியர், அதாவது துருக்கியர். புதா நகரமே (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி) 1541 முதல் 1686 வரை அவர்கள் கையில் இருந்தது. அவர்களை விரட்டிவிட்டு வந்த ஹாப்ஸ்பர்க்காரர்களுக்கு (ஆஸ்திரியாவை ஆண்ட அரச வம்சம்) வேறு பயம்: இந்தக் கோட்டைகளுக்குள் ஹங்கேரியர்களே உட்கார்ந்துகொண்டு நம்மை எதிர்த்தால்? அதனால் பலவற்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மலை உச்சியில் கோட்டை தெரிகிறதே என்று மூச்சிரைக்க ஏறினால் மொட்டைச் சுவர்தான் இருக்கும் என்பதற்கு இதுதான் காரணம்.

மீதிப் பாதி, அதாவது "செட்" என்பது, ஒரே வார்த்தையில் தீர்க்கிற விஷயம் இல்லை. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன். வரிசை கிரிசை எதிர்பார்க்காதீர்கள்.

2024 ஜனவரி 31
ஹோல்லோக்கோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் அங்கேதான் போயிருப்பார். புடாபெஸ்டிலிருந்து வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டர். பாலோட்ஸ் என்ற ஹங்கேரிய இனக்குழுவின் ஊர். வெள்ளைச் சுவர், மரத்தூண் வைத்த திண்ணை, நடுவில் மரக்கோபுரத்தோடு ஒரு குட்டி தேவாலயம், மேலே 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1987இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் 1909இல் எரிந்துபோனது. நாம் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டிய வீடுகள். "பார்த்தாயா, நூறு வருஷ வீட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. எரிந்தபின் பழைய மனைக்கட்டிலேயே, பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். எரிகிற கூரை வேண்டாம் என்று ஓடு போட்டார்கள். அது அங்கே குடியிருந்தவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட காரியம். டூரிஸ்ட் என்ற ஜென்மமே அப்போது அந்த ஊரை எட்டிப் பார்க்கவில்லை.

செட் உணர்வு வருவது இன்றைய கடைகளால். பொம்மைக்கு ஒரு வீடு, கேக்குக்கு ஒரு வீடு, சீஸுக்கு ஒரு வீடு. பழைய தெருவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். டூர் பஸ் வருவதற்குள் கோட்டை வரை ஏறி இறங்கிவிடலாம்.

2024 ஜனவரி 31, சற்று நேரம் கழித்து
ஒரு அக்கா கேட்டிருக்கிறார், ஈஸ்டருக்குப் போகலாமா என்று. போகலாம், மாற்றுத் துணியோடு. ஈஸ்டர் திங்களன்று இளைஞர்கள் பெண்கள் மீது தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். மற்ற ஊர்களில் இரண்டு சொட்டு சென்ட் தெளித்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். ஹோல்லோக்கோவில் வாளி.

2024 பிப்ரவரி 14
தெற்கே டானூப் கரையிலிருக்கும் மொஹாச் போய்வந்தேன், புஷோ திருவிழாவுக்கு. உடம்பெல்லாம் புகை வாடை.

ஆட்டுத்தோல் மேலங்கியை முடி வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, வில்லோ மரத்தில் குடைந்த கொம்பு வைத்த முகமூடி போட்டு, இடுப்பில் மாட்டுமணி கட்டிக்கொண்டு ஊரையே அதிர வைக்கிறார்கள். டானூபைப் படகில் கடந்து வந்து இறங்குகிறார்கள். கடைசியில் சதுக்கத்தில் குளிர்காலத்தின் சவப்பெட்டியை எரிக்கிறார்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2009இல் சேர்ந்தது.

"துருக்கியரை பயமுறுத்தி விரட்டிய நினைவாக" என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது அங்கே குடியேறிய ஷொகட்ஸ் இனக் குரோவேஷியர்கள் கொண்டாடிவந்த, குளிரை விரட்டும் விழா. துருக்கியர் கதை பிறகு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதில் ஆச்சரியமில்லை. பக்கத்து வயல்வெளியில்தான் 1526 ஆகஸ்ட் 29 அன்று சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரியப் படையை சில மணி நேரத்தில் நொறுக்கியது. இருபது வயது மன்னர் இரண்டாம் லயோஷ் தப்பியோடும்போது ஓடையில் விழுந்து இறந்தார். போரில் செத்தவர்களின் மொத்தப் புதைகுழிகள் 1960 வாக்கில் தொடங்கித்தான் கிடைத்தன. 1976இல் அந்த இடத்தை நினைவுப் பூங்காவாக்கினார்கள்.

விழாவுக்குப் போகிறவர்கள் யாரும் அந்தப் பூங்காவுக்குப் போவதில்லை. நான் போனபோது ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. புதைகுழிகளைச் சுற்றிச் செதுக்கிய மரக்கம்பங்கள் புல்லில் கோணல்மாணலாக நிற்கின்றன. மனிதத் தலை, குதிரைத் தலை, வில் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. விழாவா பூங்காவா, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் பூங்காவைத்தான் சொல்வேன்.

2024 பிப்ரவரி 17
அதே சுலைமான் 40 வருடம் கழித்து 1566இல் அதே பக்கத்தில் சிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டபோது கூடாரத்தில் இறந்துபோனார். கோட்டை விழுவதற்குச் சற்று முன்னால். படை கலைந்துவிடக் கூடாதென்று மரணச் செய்தியை வாரக்கணக்கில் மறைத்தார்கள். ஊருக்கு வெளியே ஹங்கேரி-துருக்கி நட்புப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அதில் சுலைமானுக்கும், அவரை எதிர்த்துக் கோட்டையைக் காத்த ஸ்ரீனிக்கும் பக்கத்துப் பக்கத்தில் பிரமாண்டத் தலைச்சிலைகள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே முறைப்பு.

2024 மார்ச் 2
டிக்கெட் பற்றிக் கேட்டவருக்கு: 2023 மே முதல் நாடு முழுக்கச் செல்லும் மாதப் பாஸ் இருக்கிறது, 18,900 ஃபோரிண்ட். ஒரே ஒரு மாவட்டத்துக்கு என்றால் 9,450. ரயில், வெளியூர் பஸ் இரண்டுக்கும் செல்லும். இன்டர்சிட்டி ரயிலில் சீட் முன்பதிவுக்குத் தனிக் காசு. ஒரு வாரத்துக்கு மாதப் பாஸா என்று யோசிப்பீர்கள். நாலைந்து நீளப் பயணம் போனாலே கட்டுப்படியாகிவிடும்.

2024 மார்ச் 9
எகெர். இதைத் தவிர்க்கவே முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். புடாபெஸ்டிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்.

1552இல் இஷ்ட்வான் டோபோ தலைமையில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், ஐந்து வாரத்துக்கும் மேலாக உதுமானியப் படையைத் தாங்கி நின்ற கோட்டை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவருவார்கள். 1596இல் அதே கோட்டை துருக்கியரிடம் விழுந்தது என்பதை அந்த ஆசிரியர்கள் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

விழுந்ததால் வந்ததுதான் மினார், அதாவது மசூதிக் கோபுரம். மசூதியை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், மினார் மட்டும் 40 மீட்டர் உயரத்தில் தனியாக, பென்சில் நட்டுவைத்தது போல நிற்கிறது. நாட்டில் எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று: எகெர், பேய்ச், எர்த். எகெர் மினாரில் ஏறலாம். 97 படி. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். உள்ளே போனால்தான் தெரியும். சுழல்படி என் தோள் அகலம்தான் இருந்தது. இரண்டு பக்கச் சுவரும் சட்டையை உரசியது. கல் நடுவில் தேய்ந்து குழிந்து வழுக்குகிறது. மேலே இருந்து ஒருவர் இறங்கினால் கீழே இருப்பவர் பின்னோக்கி இறங்க வேண்டும், வேறு வழியே கிடையாது. மேலே மாடத்தில் நிற்கும் இடமும் ஒரு ஆள் அகலம். கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்களும், மூச்சடைக்கும் பயம் உள்ளவர்களும் கீழேயே நின்று கைகாட்டுங்கள்.

அதற்குப் பதில் லைசியம் கட்டடத்துக்குப் போங்கள். கோபுரத்தின் உச்சியில் 1770களில் வைத்த கேமரா அப்ஸ்குரா. இருட்டறை, நடுவில் வெள்ளை மேசை, அதன்மேல் ஊர் அப்படியே நகர்கிறது, நடந்துபோகிறவர்கள் உட்பட. மின்சாரம் இல்லை, கண்ணாடியும் லென்ஸும்தான்.

2024 மார்ச் 10
"பேய்ச்சில் மசூதி தேவாலயமாக இருக்கிறதாமே" என்று ஒரு தம்பி. ஆமாம், ஊர் நடுச் சதுக்கத்திலேயே இருக்கிறது. காசிம் பாஷா கட்டியது. உச்சியில் பிறையும் அதன்மேல் சிலுவையும் சேர்ந்தே இருக்கின்றன. உள்ளே தொழுகை மாடம் அப்படியே. ஆனால் பேய்ச் பெரிய நகரம், நாம் பேசுவது கிராமப் பக்கம். நகர ஆசை உள்ளவர்கள் போய்வாருங்கள்.

2024 ஏப்ரல் 6
இப்போது என் பக்கத்து ஊர், ஹோர்தோபாஜ். புஸ்தா என்கிற சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல், நடுநடுவே ஏற்றக் கிணறு. 1973இல் தேசியப் பூங்கா, 1999இல் உலகப் பாரம்பரியம். நீளக் கொம்பு வைத்த சாம்பல் மாடுகள், முறுக்குக் கொம்பு ரட்ஸ்கா ஆடுகள். 1833இல் முடிந்த ஒன்பது கண் கற்பாலம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

குதிரைக் காட்சியில் ஒருவர் இரண்டு குதிரைகளின் முதுகில் கால் வைத்து நின்றுகொண்டு, மொத்தம் ஐந்து குதிரைகளை ஓட்டுவார். கைதட்டல் பறக்கும். "ஆயிரம் ஆண்டு மரபு" என்று பக்கத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லூட்விக் கோக் என்ற ஆஸ்திரிய ஓவியர் 20ஆம் நூற்றாண்டில் கற்பனையாக வரைந்த படம் அது. பிறகுதான் ஹோர்தோபாஜ் குதிரைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்து நிஜமாகவே ஓட்டிக்காட்டினார். உங்கள் நண்பர் "செட்" என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனாலும் பாருங்கள். படத்தில் வரைவது சுலபம், விழாமல் நிற்பது யார்?

2024 ஏப்ரல் 7
இதே ரகத்தில் இன்னொன்று: ஓபுஸ்தாசெர். அங்கே 120 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றி ஓடும் ஃபெஸ்தி ஓவியம். 9ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியர் இந்த நிலத்துக்கு வந்து சேர்ந்த காட்சி. வரைந்தது 1890களில், அந்த வருகையின் ஆயிரமாண்டு விழாவை ஒட்டி. இரண்டாம் உலகப் போரில் சேதமாகி, சுருட்டிக் கிடந்து, 1995இல்தான் இங்கே திறந்தார்கள். 9ஆம் நூற்றாண்டு எப்படி இருந்தது என்பதற்கு இது ஆதாரமே அல்ல. 1890களின் ஹங்கேரியர் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அருமையான ஆதாரம். இரண்டாவது காரணத்துக்காகத்தான் நான் போகச் சொல்வேன்.

2024 மே 5
கேட்டவர் இந்நேரம் கிளம்பியிருப்பார். இருந்தாலும் இதைச் சொல்லாமல் முடியாது.

வடகிழக்கு மூலை. டிஸ்ஸா ஆற்றின் மேல்பகுதி, உக்ரைன் எல்லை ஓரம். பெரெக், சத்மார் என்ற இரண்டு வட்டாரங்கள். டூர் பஸ் வராது. கார் இருந்தால் நல்லது. பஸ் உண்டு, ஆனால் கடைசி பஸ் சாயங்காலம் சீக்கிரமே போய்விடும்.

தாகோஷ் கிராமத்தில் ஒரு சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் போடும் கொட்டகை என்று கடந்துபோய்விடுவீர்கள். சுவர் கல் இல்லை, செங்கல் இல்லை. மரச்சட்டத்தில் மிலாறு பின்னி மண் பூசியது. பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே சாவியோடு வந்தார். உள்ளே காலடியில் மண் தரை, பாட்டி காலையில்தான் பெருக்கியிருக்க வேண்டும், துடைப்பக் கோடு வரிவரியாகத் தெரிந்தது. பிரசங்க மேடை நிற்பது ஒரு பழைய ஆலைக்கல்லின் மேல். அப்புறம் தலையை நிமிர்த்தினேன். மரப்பலகைக் கூரை முழுக்க 1766இல் தீட்டிய பூக்கள். சதுரம் சதுரமாக, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. இந்த மண் தரைக்காகத்தான் இதை, பாரிஸின் பெரிய தேவாலயத்தின் பெயரை வைத்து, "வெறுங்கால் நோத்ர தாம்" என்று செல்லமாகச் சொல்கிறார்கள்.

பாட்டிக்கு ஆங்கிலம் வராது, என் ஹங்கேரிய மொழி கடைத்தெருவுக்கு மட்டும் போதும். ஆனால் எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று துடைப்பக் கட்டையாலேயே சுட்டிக்காட்டினார். உண்டியலில் போட்ட பிறகு ஒரு பொகாச்சா கையில் திணித்தார். உப்பு போட்ட குட்டி ரொட்டி. பன்றிக் கொழுப்பு சேர்த்தது, சைவர்கள் கவனிக்க.

பக்கத்துச் சரோதாவில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். சுவர் ஓவியத்தில் புனிதர்கள் சிரிக்கிறார்கள். ஐரோப்பிய தேவாலயங்களில் முறைக்கிற புனிதர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

2024 மே 6
சத்மார் பக்கம் விட்டுப்போனது: சத்மார்ச்சேகெ ஊர்க் கல்லறை. கல்லே இல்லை, ஓக் மரத்தில் செதுக்கிய ஆள் உயரக் கட்டைகள், நட்டுவைத்த படகு வடிவில், வெயிலிலும் மழையிலும் கறுத்து நூற்றுக்கணக்கில். நடுவில் ஒன்றே ஒன்று வெள்ளைப் பளிங்கு: ஹங்கேரிய தேசியகீதத்தை 1823இல் எழுதிய கோல்ச்செய் ஃபெரென்ட்ஸின் சமாதி. கவிஞரையும் மரக்கட்டையோடு விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அங்கிருந்து தூரிஷ்ட்வாந்தி தண்ணீர் ஆலை பக்கம்தான். 18ஆம் நூற்றாண்டு, மூன்று மரச் சக்கரங்கள். ஆற்றங்கரையில் குளிக்கலாம்.

2024 மே 12
தொக்காய் ஒயின் பகுதி பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். ஒயினை மற்றவர்கள் சொல்வார்கள். நான் மாட் கிராமத்தைச் சொல்கிறேன். மேட்டின்மேல் 1795இல் கட்டிய யூதத் தொழுகைக் கூடம், உள்ளே நான்கு தூண்களுக்கு நடுவே வாசிப்பு மேடை. மிக அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். தொழுவதற்குத்தான் ஊரில் யூதர்கள் இல்லை. 1944 மே மாத நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரத்தில், ஹங்கேரியிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு. முதலில் காலியானவை கிராமங்களும் சிற்றூர்களும்தான். ஒயின் வியாபாரத்தில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதை ருசி பார்க்கும் அறையில் யாரும் தானாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார்கள்.

சில கிலோமீட்டரில் போத்ரொக்கெரெஸ்தூர். 1925இல் மறைந்த ரப்பி (யூத மதகுரு) ஷாயெலேயின் சமாதி. வந்தவர் யாராயிருந்தாலும் சாப்பிடவைத்து அனுப்பியவர் என்று பெயர். அவர் நினைவுநாள் வசந்தத்தில் வரும்; நியூயார்க், ஜெருசலேம் என்று எங்கெங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறார்கள், சிற்றூர் திணறிப்போகிறது. இப்போதும் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு. அவர் படத்தை வீட்டில் மாட்டினால் எலி வராது என்று நம்பிக்கை வேறு. என் வாடகை வீட்டுக்காக ஒன்று வாங்கியிருக்கலாம்.

2024 மே 26
கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: பன்னோன்ஹல்மா பிடித்ததாம், திஹானியில் கூட்டம் தாங்கவில்லையாம்.

பன்னோன்ஹல்மா பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். 996இல் தொடங்கிய பெனடிக்டைன் (கத்தோலிக்கத் துறவிகள்) மடம். 1786இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப் கலைத்தார், 1802இல் துறவிகள் திரும்பி வந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் அவர்களுடைய பள்ளிக்கூடம் நடந்தது. இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், ஒயின் செய்கிறார்கள், லாவெண்டர் வளர்க்கிறார்கள். "செட்" வாதத்துக்கு நான் நீட்டும் முதல் பதில் இந்த மடம்தான்.

திஹானி கூட்டம் பற்றி: மேலே இருக்கும் பரோக் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டீர்களோ? கீழே நிலவறைக்கு இறங்கியிருக்க வேண்டும். 1055இல் மடத்தை நிறுவிய முதலாம் ஆந்த்ராஷ் மன்னரின் கல்லறை அங்கே. குட்டையான தடித்த தூண்கள், 11ஆம் நூற்றாண்டு வேலை அப்படியே. அந்த 1055 சாசனத்தில்தான் ஹங்கேரியச் சொற்கள் முதன்முதலாக எழுத்தில் கிடைக்கின்றன. அது இருப்பது திஹானியில் இல்லை, நீங்கள் ரசித்த பன்னோன்ஹல்மாவில்.

2024 மே 27
திஹானியிலிருந்து கொஞ்ச தூரம்தான் பாலட்டன்ஃப்யூரெட். அங்கே பாலட்டன் ஏரிக்கரை நடைபாதைக்குத் தாகூர் பெயர். 1926இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் உடம்பு முடியாமல் இங்கே இதய மருத்துவமனையில் தங்கி, தேறியபின் ஒரு லிண்டன் மரம் நட்டார். அதற்குப் பிறகு வந்த இந்தியத் தலைவர்களும் வரிசையாக மரம் நட்டுவிட்டார்கள், இந்திரா காந்தி உட்பட. நாம் போனால் அங்கே நடக்க இடம் இருக்காது போலிருக்கிறது.

2024 ஜூன் 9
சைவச் சாப்பாடு கேட்ட அம்மாவுக்கு: கிராமத்து உணவகத்தில் நம்பகமானது ரான்டொட் ஷாய்த், அதாவது பொரித்த சீஸ். கோடையில் குளிர்ந்த புளிப்புச் செர்ரி சூப் கிடைத்தால் விடாதீர்கள். ஃபோசெலேக் என்று காய்க் குழம்பு உண்டு, மேலே இறைச்சித் துண்டு வைக்காமல் தரச் சொல்லிக் கேளுங்கள். பீன்ஸ் சூப் என்று பெயர் மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், உள்ளே புகைபோட்ட பன்றி இறைச்சி ஒளிந்திருக்கும்.

2024 அக்டோபர் 12
மறுபடி ஹோர்தோபாஜ். ஏப்ரலில் எழுதியபோது கொக்குகளை விட்டுவிட்டேன். இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் சாம்பல் கொக்குகள் லட்சம் வரை இங்கே இறங்கித் தங்குகின்றன. குதிரைக் காட்சி முடிந்து எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள், நீங்கள் ஏறாதீர்கள். பொழுது சாயும்போதுதான் வயலிலிருந்து குளங்களுக்கு வரிசை வரிசையாகத் திரும்பும். வழிகாட்டியோடு போகும் நடைகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

2024 அக்டோபர் 13
அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு: திங்கட்கிழமையில் அருங்காட்சியகம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலானவை மூடியிருக்கும். குளிர்காலத்தில் கிராமத்துத் தேவாலயங்களுக்குப் போனால் சாவி யாரிடம் என்று முதலில் விசாரியுங்கள். கதவில் ஃபோன் எண் ஒட்டியிருக்கும். மூன்றே நாள்தான் இருக்கிறது, எகெரா பெரெக்கா என்று கேட்டால், நான் பெரெக் என்பேன். என் மனைவி எகெர் என்பாள். அங்கே காபி நன்றாக இருக்குமாம்.